உடைத்தவர் பெயர்

மண்டபம். குளிர்கிடங்கு எண் இரண்டு.
மைனஸ் இருபத்திரண்டு.
விடிய மூன்று மணிக்கு நம்புராஜன் கையிலிருந்து,
முழங்கால் உயரம்கூட இருக்காது,
நீலக் கிரேட் ஒன்று நழுவி
கண்ணாடித் தம்ளர் போலத் தெறித்தது.
உறைந்த இறால்
கோலிக்குண்டாகக் கதவுவரை உருண்டது.

இந்த வாரத்தில் ஒன்பதாவது.

பதிவேட்டில் நான்கு கட்டம்:
தேதி, பொருள், விலை, உடைத்தவர் பெயர்.
விலை முந்நூற்று எண்பது.
அவனுக்கு இரவுக் கூலி அறுநூறு.

எனக்குச் சம்பளம்
இறாலை மோந்து பார்ப்பதற்கும் கிருமி எண்ணுவதற்கும்.
பாதியில் நின்ற எம்.எஸ்ஸி.யைப் பற்றி
இங்கே யாரும் கேட்டதில்லை.
ஆனாலும் காது கேட்கிறதே.
பழைய மஞ்சள் கிரேட்டைத் தட்டினால் தொம் என்கிறது,
புதிய நீலம் டிங் என்கிறது.

மஞ்சள் பாலிஎத்திலீன்.
மைனஸ் நூறுக்கும் கீழே போனால்தான் விறைக்கும்.
நீலம் பாலிபுரொப்பிலீன்.
பூஜ்யத்தை ஒட்டியே அதன் நெளிவு நின்றுவிடும்.
உறைவது வேறு.
தண்ணீர் உறையும்போது அணிவகுக்கும்.
இது, சிக்கிக் கிடந்த சங்கிலிகள்
சிக்கிய கோலத்திலேயே இறுகிப்போவது.

ஏன் என்று கேட்டால்
புத்தகங்கள் ஒத்துப்போவதில்லை.
இடம் போதவில்லை என்கிறது ஒன்று:
குளிரில் எல்லாம் நெருங்கி வர
புரண்டு படுக்க இருந்த துளி வெற்றிடமும்
மூடிக்கொள்கிறதாம்.

இன்னொன்று சொல்வதை
தடைக்காலத்தில் வடக்குத் துறையில் பார்த்திருக்கிறேன்.
விசைப்படகுகள் விலாவோடு விலா.
நடுப்படகு ஒன்றை வெளியே எடுக்க
ஐந்து பேர் கயிறு அவிழ்க்க வேண்டும்.
இன்னும் நெருங்கினால் ஐம்பது பேர்.
ஒருவர் கல்யாணத்துக்குப் பரமக்குடி போயிருந்தாலும்
அன்றைக்கு எந்தப் படகும் அசையாது.

மூன்றாவதைப் படித்த இரவு தூக்கம் வரவில்லை.
மாற்றம் என்று எதுவுமே நடக்கவில்லையாம்.
ஓட்டம் மந்தமாகி, மேலும் மந்தமாகி,
பார்ப்பவர் பொறுமைக்கு வெளியே போய்விட்டதாம்.
மெல்லக் குளிர்வித்தால் எண் கொஞ்சம் இறங்கும்,
விரட்டிக் குளிர்வித்தால் ஏறும்.
எவ்வளவு நேரம் காத்து நிற்கிறாய்
என்பதைப் பொறுத்துத்தான் கண்ணாடி.

விழும் கிரேட்டுக்குக் காத்திருக்க ஏது நேரம்?

நீலத்தில் ஒரு விரல் அகலம், மஞ்சளில் ஒன்று,
அறுத்து ஓர் இரவு இறாலோடு வைத்தேன்.
காலையில் மஞ்சள் வளைந்தது.
நீலம் சடக்.
உடைந்த பாதியை உள்ளங்கையில் பொத்தி
ஜஸ்டஸ் சார் அறைக்கு ஓடினேன்.
லாரிகள் நிற்கும் முற்றம், நூறு தப்படி,
பங்குனி வெயில்.
மேசைக்குப் போவதற்குள்
துண்டுக்குப் பழைய புத்தி திரும்பிவிட்டது.
வாங்கி இப்படி வளைத்தார், அப்படி வளைத்தார்.
"நல்லாத்தானே இருக்கு ஜொஹரா?"

கோர்ட்டில் இதைப் பிறழ்சாட்சி என்பார்கள்.

உள்ளே வந்து பாருங்கள் சார் என்றேன்.
அவருக்கு இளைப்பு. குளிர் ஆகாது.

நான்காவது கட்டத்தைக் காலியாக விடக் கூடாது.
'உடைந்தது' என்று எழுதினால்
'யாரால்?' என்று சிவப்பு மையில் திரும்பி வருகிறது.
உடைந்தது, உடைத்தது.
ஒன்றில் மெல்லினம், ஒன்றில் வல்லினம்.
மெல்லினம் இறுகும் இடத்தில்
எங்கிருந்தோ ஓர் ஆள் வந்து மாட்டிக்கொள்கிறான்.
நடுவில் இருப்பது
ஒரே ஒரு மெய்.

பெயர்: பாலிபுரொப்பிலீன் என்று எழுதினேன்.
தகப்பன் பெயர் கேட்டாலும் சொல்வேன், புரொப்பிலீன்.
பதில் இன்னும் வரவில்லை.

இன்றிரவு நம்புராஜன்
குப்பைமேட்டில் கிடந்த பழைய மஞ்சளை
அடியில் கம்பி கட்டித் தூக்கி வந்திருக்கிறான்.
மூச்சு புகையாக வர
வேண்டுமென்றே ஒருதரம் கீழே போட்டுக் காட்டுகிறான்.
தொம்.
இன்னொருதரம் போடு என்கிறேன்.